சேர்ந்து எடுக்காத படம்

ஓட்டப்பிடாரத்தில் என் மனைவியின் பூர்வீக வீட்டுப் பட்டாசாலையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்குகிறது. நாற்காலியில் மாமனார் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அத்தை நிற்கிறார். இருவரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டதே கிடையாது. மாமனார் 1962-இல் காலமானார். ஆறு வருடம் கழித்து அத்தை மட்டும் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறிப் போய், ஒரு ஸ்டுடியோவில் நின்று எடுத்துக்கொண்டதை ஒட்டுப்போட்டுச் செய்த படம் இது.

கோவில்பட்டியில் தூரிகை பிடித்த கைகளுக்குப் பஞ்சமில்லை. நாடகத்துக்குத் திரை எழுத வந்த கொண்டையராஜு 1940-களில் அங்கேயே தங்கிவிட்டார். அவரும் அவர் சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகித் தமிழ்நாட்டுச் சுவர்களை நிறைத்தன.

ஒட்டுவேலையை அந்த நாளில் எப்படிச் செய்தார்கள்? இரண்டு பிரிண்டுகளையும் ஓரம் பிசகாமல் வெட்டி அட்டையில் ஒட்டுவார்கள். ஒட்டுத் தெரியும் இடத்தைத் தூரிகையால் மறைத்து, அட்டையை மறுபடி படம் பிடித்துப் புது நெகட்டிவ் எடுப்பார்கள். முகத்துக்கு டச்சிங் தனி. நெகட்டிவில் பிசின் கலந்த திரவத்தைத் தடவி, ஊசி போலச் சீவிய பென்சிலால் புள்ளி வைப்பார்கள். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் அல்லவா? பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். சுருக்கமும் அம்மைத் தழும்பும் மறையும். கத்தியால் சுரண்டினால் அந்த இடம் கறுக்கும். பிரிண்ட் போடும்போது வெளிச்சத்தின் குறுக்கே சின்ன அட்டையைக் காட்டினால் அந்த இடம் வெளிறும். இன்றைய போட்டோஷாப்பில் வெளுக்க வைக்கும் கருவிக்குப் படம் அந்தக் குச்சி வைத்த அட்டைதான். கறுக்க வைப்பதற்குக் குவித்த கை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 'ரெத்தூஷ்' என்ற சொல் எனக்குப் பள்ளி நாளிலிருந்தே பழக்கம். அந்த நாட்டில் இந்த விளையாட்டு புகைப்படத்தோடு கூடவே பிறந்தது. 1839-இல் தாகேருக்குப் பேரும் பென்ஷனும் கிடைத்தன. தன் முறையைக் கண்டுகொள்ளவில்லையே என்று இப்போலித் பயார் பொருமினார். 1840-இல் தண்ணீரில் மூழ்கிச் செத்தவன் போலத் தன்னையே படமெடுத்து, பின்னால் தன் சாவுச் செய்தியையும் எழுதி வைத்தார். அவர் நிதி அமைச்சகத்தில் உத்தியோகஸ்தர், நம்ம ஜாதி! அந்தக் காலத் தகடுகளில் கடல் சரியாக விழுந்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அதனால் குஸ்தாவ் லெ கிரே 1856-57 வாக்கில் வானத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என்று இரண்டு நெகட்டிவ்களைச் சேர்த்து அச்சிட்டார். போட்டோஷாப் வந்தது 1990-இல்தான்.

அத்தை கதைக்கு வருகிறேன். கரிசல் வெயிலில் பருத்தி எடுத்த உடம்பு, நல்ல கறுப்பு. ஸ்டுடியோக்காரர் கேட்காமலே வெளுக்க வைத்துவிட்டார். ஃப்ரேம் வந்த அன்று அத்தை, "எங்க வீட்டுக்காரர் பக்கத்துல நிக்கிற இந்த வெள்ளைக்காரி யாருல?" என்று கேட்டாராம். ஆனாலும் கழற்றவில்லை. முப்பது வருடம் அதற்குத்தான் விளக்கேற்றினார்.

போன மாதம் பேரன் படத்தை ஸ்கேன் செய்து, "தாத்தா, இதைப் பளிச்சுனு ஆக்கிரலாம்" என்றான். என் மனைவி எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து அத்தையின் விதவைப் பென்ஷன் புத்தகத்தை எடுத்து வந்தாள். பாதி முகத்தில் அலுவலக முத்திரை விழுந்த சின்னப் படம், டச்சிங் இல்லாதது. "அம்மா நிறம் இதுதான். இதைப் பார்த்துச் செய்."

பேரன் ஒரிஜினல் ஸ்கேனைத் தனியாகப் பத்திரப்படுத்திக்கொண்டு, நகலில் முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பாக்கினான். அவள் திரையை ஒட்டிக் குனிந்து நின்றாள். "இன்னும்... இன்னும் கொஞ்சம்." பிறகு சத்தமே இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும்ல" என்றாள்.

இப்போது பட்டாசாலையில் இரண்டு படங்களும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. மாமனாரின் மூக்கு நிழல் வலப்பக்கம், அத்தையுடையது இடப்பக்கம். அதையும் நேராக்கிவிடவா என்றான் பேரன். அதை மட்டும் தொடாதே என்று சொல்லிவிட்டேன்.