சாண்டோ: ஒரு பனியனின் வரலாறு

வாடிப்பட்டி ஜவுளிக்கடைகளில் ‘சாண்டோ பனியன்’ என்று கேட்டால் கையில்லாத பனியனை எடுத்துத் தருவார்கள். அது ஒரு மனிதரின் பெயர் என்பதை வாங்குவோர் பெரும்பாலும் அறியார். அப்பெயரைப் பின்தொடர்ந்து சென்றால், நம் பதின்பருவத்தினர் இன்று கைபேசியில் காணும் கட்டுடல் விளம்பரங்களின் வேர் புலப்படும்.

பிரஷ்யாவில் 1867-இல் பிறந்த யூஜின் சாண்டோ, எடை தூக்கிக் காட்டும் மேடைக் கலைஞராகத் தொடங்கியவர். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி அவர் மேடையேறியபோது, தூக்கிய எடையைவிட அவருடைய தசைகளே மக்களைப் பெரிதும் ஈர்த்தன. பளிங்குச் சிலைபோல் நின்று அவர் எடுத்துக்கொண்ட புகைப்படங்கள் எங்கும் பரவின. 1898-இல் உடற்பயிற்சி இதழ் ஒன்றைத் தொடங்கினார். 1901-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் உடற்கட்டுப் போட்டி நடத்தினார். கூடவே பயிற்சிக் கருவிகளையும் கோகோவையும் தம் பெயரில் விற்றார். உடலைக் காட்டிப் பொருளை விற்கும் வழி அன்றே வகுக்கப்பட்டுவிட்டது.

1904–05-இல் அவர் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். காலப்போக்கில் அவர் பெயர் இங்கே பட்டமாயிற்று. கோவையைச் சேர்ந்த திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் ‘சாண்டோ’ என்னும் அடைமொழியுடனேயே அறியப்பட்டார். 1956-இல் அவர் தயாரித்த ‘தாய்க்குப்பின் தாரம்’ படத்தில் எம்.ஜி.ஆர். காளையோடு மோதுவார். அங்கு வலிமைக்கு ஒரு வேலை இருந்தது. வாடிப்பட்டிக்கு அருகிலுள்ள அலங்காநல்லூர் வாடிவாசலும் அப்படித்தான். திமிலைப் பற்றி நிற்க முடிந்ததா என்பதே அங்கு கேள்வி. தென்மாவட்டச் சிற்றூர்களில் இளவட்டக்கல்லைத் தூக்கியவனின் வயிற்றுத் தசைகளை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

2008-இல் ‘வாரணம் ஆயிரம்’ வெளிவந்தபோது சூர்யாவின் ‘சிக்ஸ் பேக்’ ஊர்ப்பேச்சாயிற்று. செயலை அளந்த கோல், தோற்றத்தை அளக்கத் தொடங்கிவிட்டதன் அடையாளம் அது எனலாம்.

இன்றைய மாணவர்கள் ஏமாளிகள் அல்லர். படம் கணினியில் திருத்தப்படுகிறது, தசை எடுப்பாகத் தெரியவேண்டிப் படப்பிடிப்புக்குமுன் தண்ணீரைக்கூடக் குறைப்பவர்கள் உண்டு என்பதையெல்லாம் வகுப்பில் அவர்களே நமக்கு எடுத்துரைக்கிறார்கள். ஆயினும் அவர்களுள் சிலர் காலை உணவைத் தவிர்க்கிறார்கள். அந்தக் காசைப் புரதமாவுக்குச் சேர்க்கிறார்கள். அறிதல் வேறு, விடுபடுதல் வேறு.

ஆகவே விளம்பரம் பொய் என்று மட்டும் சொல்லி நாம் அமைந்துவிட இயலாது. இந்த வலிமை எதற்கு என்று இளவட்டக்கல் கேட்ட கேள்வியை மீண்டும் அவர்கள்முன் வைக்கவேண்டும். அதற்கு விடை தேடுபவன் கண்ணாடியின் முன் நிற்கும் நேரம் தானே குறையும்.