உரிமையான பெயரும் வாடகைப் பெயரும்: ஆரணிப் பட்டு நகரமும் மழலையர் பள்ளி உரிமக்கிளைத் தொழிலும்

ஆய்வுச் சுருக்கம்

பிரான்சைஸ் எனப்படும் உரிமக்கிளை முறையில் மழலையர் பள்ளி தொடங்குவது இன்று சிறு நகரங்களில் ஒரு சிறுதொழிலாக முன்வைக்கப்படுகிறது. இத்தொழிலின் வரலாற்றுப் பின்னணியையும் பொருளியல் அமைப்பையும் ஆரணியின் பட்டு நெசவு அமைப்போடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. முதலீடும் உழைப்பும் உள்ளூரைச் சார்ந்திருக்க, பெயரும் பாடத்திட்டமும் வெளியாருக்கு உரியனவாக இருப்பதே இத்தொழிலின் அடிப்படைச் சிக்கல் என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: ஆரணி, பட்டு நெசவு, மழலையர் கல்வி, உரிமக்கிளை, புவிசார் குறியீடு, வணிகக் குறி.

முன்னுரை

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, 1989-இல் வட ஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருவண்ணாமலை மாவட்டத்தில் சேர்ந்தது. பட்டுச் சேலையே இவ்வூரின் அடையாளம். பெரும்பாலும் வீட்டிலேயே தறி இயங்கும் இத்தகைய ஊரில் வீடும் தொழிற்கூடமும் ஒன்றே. ஆடவர் தறியில் அமர, பெண்கள் தார் சுற்றுதல் முதலிய பணிகளைச் செய்வது வழக்கம். ஆகவே மூன்று வயதுக் குழந்தை பகற்பொழுதில் எங்கே இருக்கும் என்பது நெசவுக் குடும்பத்தின் பொருளாதாரத்தோடு பிணைந்த கேள்வியாகும். காஞ்சிபுரம் முதலான பட்டு நகரங்களில் கோர்வை நெசவுக்குத் துணையாளாகச் சிறுவர்கள் அமர்த்தப்பட்ட வரலாறும் உண்டு. அக்குழந்தைகள் தறியிலிருந்து பள்ளிக்குச் சென்ற மாற்றத்தின் அண்மைக் கட்டமாகவே மழலையர் பள்ளிகளின் பெருக்கத்தைக் காண வேண்டும்.

திண்ணை முதல் பால்வாடி வரை

கட்டணம் பெற்றுத் தனியொருவர் பள்ளி நடத்துவது தமிழகத்துக்குப் புதிதன்று. 1822-இல் சென்னை ஆளுநர் தாமசு மன்றோ தொடங்கிய கணக்கெடுப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததைப் பதிவு செய்தது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் ஆசிரியர், பெற்றோர் தரும் பணத்தையும் தானியத்தையும் நம்பி வாழ்ந்தார். ஆனால் திண்ணைப் பள்ளியில் பொதுவாக ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களே பயின்றனர். அதற்கு முந்தைய பருவம் குடும்பத்தின் பொறுப்பாகவே இருந்தது.

இப்பருவத்தைக் கல்விக்குரியதாகக் கருதும் இயக்கத்தில் 1939 குறிப்பிடத்தக்க ஆண்டு. பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் அடையாறு வந்த மரியா மாண்டிசோரி அங்கு ஆசிரியர் பயிற்சி நடத்தினார். முதற்பயிற்சியில் 300-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். இரண்டாம் உலகப்போர் காரணமாக அவர் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். பயிற்சி பெற்ற ஆசிரியர் தம் ஊர் திரும்பியபோது கற்ற முறையும் அவருடனேயே சென்றது என்பது பின்னர் வரும் ஒப்பீட்டிற்கு இன்றியமையாதது.

அரசின் பங்கு பின்னரே விரிந்தது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. 1982-இல் எம்.ஜி.ஆர். அரசு கொண்டுவந்த சத்துணவுத் திட்டம் பள்ளி செல்லா வயதுக் குழந்தைகளையும் உள்ளடக்கியது. பால்வாடி ஊட்டத்தை உறுதி செய்தது. ஆங்கிலவழிக் கல்வியை நாடிய பெற்றோரின் விருப்பம் நிறைவேறவில்லை. 2019 சனவரியில்தான் அரசு 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. அதற்குள் தனியார் நர்சரிப் பள்ளிகள் அவ்விடத்தை நிரப்பியிருந்தன. மும்பையிலிருந்து யூரோகிட்ஸ் 2001-இலும் கிட்ஸீ 2003-இலும் மழலையர் பள்ளித் துறையில் இறங்கி, உரிமக்கிளை வழியே நாடெங்கும் பரவின.

உரிமக்கிளையின் கணக்கு

இம்முறையில் கிளை நடத்துபவர் நுழைவுக் கட்டணம் செலுத்துகிறார். பின்னர் வருவாயில் ஒரு பங்கை உரிமத் தொகையாக அளிக்கிறார். கட்டடம், வாடகை, சம்பளம் ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பு. பெயர், பாடத்திட்டம், பயிற்சி ஆகியவை தலைமை நிறுவனத்துடையவை. தொழிலுக்குப் புதியவருக்கு இதில் நன்மை இல்லாமலில்லை: அறியப்பட்ட பெயர் பெற்றோரின் நம்பிக்கையை விரைவில் ஈட்டுகிறது, பாடத்திட்டத்தை முதலிலிருந்து உருவாக்கும் சுமை நீங்குகிறது.

எனினும் இரு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது வரி. 2017-இல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியில் மழலையர் கல்விக்கு விலக்கு உண்டு. உரிமத் தொகைக்கோ 18 விழுக்காடு வரி. விற்கும் சேவை விலக்குப் பெற்றதால், செலுத்திய வரியைக் கிளை நடத்துபவர் ஈடுசெய்துகொள்ள இயலாது. அது முழுவதும் செலவாகிறது. இரண்டாவது சம்பளம். சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போதிய ஆட்கள் வேண்டும்; ஆட்குறைப்பால் ஆதாயம் தேட முடியாது. நெசவு ஊரின் கட்டணமோ பெருநகரக் கட்டணமாக உயராது. எனவே வருவாய் குறையும்போது நெருக்கடி ஆசிரியையின் ஊதியத்தின் மீதே விழுகிறது.

பட்டு முதலாளியும் தலைமை நிறுவனமும்

பட்டு முதலாளி நூலும் ஜரிகையும் வடிவமும் தந்து, நெசவாளர் தம் வீட்டுத் தறியில் நெய்து கூலி பெறும் முறை ஆரணி நன்கறிந்தது. வடிவம் வெளியிலிருந்து வர, இடமும் உழைப்பும் உள்ளூரிலிருந்து வருவதில் இரண்டும் ஒத்தவை. வேறுபாடு இழப்பைத் தாங்குவதில் உள்ளது. சேலை விற்காவிடில் மூலப்பொருளில் முடங்குவது முதலாளியின் பணம். பள்ளியில் சேர்க்கை குறைந்தால் முடங்குவது கிளை நடத்துபவரின் பணம். நுழைவுக் கட்டணம் தலைமை நிறுவனத்திடம் முன்னரே சேர்ந்துவிட்டது.

சட்டமும் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. வணிகக் குறிகள் சட்டம், புவிசார் குறியீடுகள் சட்டம் ஆகிய இரண்டும் 1999-இல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15 அன்று ஒருசேர நடைமுறைக்கு வந்தன. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் பெயரை வெளியாள் எவரும் விலைக்கு வாங்க முடியாது. அது ஊரின் உற்பத்தியாளர்க்குப் பொதுவானது. வணிகக் குறியோ ஒரு நிறுவனத்தின் உடைமை. ஒப்பந்தம் முடிந்தால் பலகை இறங்கும், பாடநூல்களும் திரும்பும். பத்தாண்டுகள் உழைத்து ஈட்டிய நம்பிக்கை எந்தப் பெயரில் சேர்ந்ததோ, அந்தப் பெயரோடு போய்விடும்.

முடிவுரை

திண்ணை ஆசிரியரின் நற்பெயர் அவருடையது. அடையாற்றில் பயின்றவரின் அறிவு அவருடன் சென்றது. உரிமக்கிளையில் இரண்டும் ஒப்பந்தக் காலத்திற்கு உட்பட்டவை. விளையாட்டுப் பள்ளிகளுக்குத் தமிழ்நாடு அரசு 2015-இல் நெறிமுறைத் தொகுப்பு வகுத்தது. அது குழந்தையின் பாதுகாப்பை நோக்கியது. கிளை நடத்தும் சிறு முதலீட்டாளரைக் காக்க இந்தியாவில் உரிமக்கிளைக்கெனத் தனிச்சட்டம் இல்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே பெரிதும் துணை. நெசவுக்குக் கூட்டுறவுச் சங்கத்தையும் பொதுப் பெயரையும் கண்ட ஒரு நகரம், மழலையர் கல்விக்கும் பயிற்சியையும் பாடத்திட்டத்தையும் பொதுவில் வைத்துக்கொள்ளும் அமைப்பை எண்ணிப் பார்க்க இயலும். சிறு நகர மழலையர் பள்ளிகளின் உடைமை வடிவங்கள் குறித்த கள ஆய்வுகள் இத்திசையில் மேற்கொள்ளப்பட வேண்டும்.