நான்கு ஆண்டு என்று எழுதியிருக்கிறது

2006 டிசம்பர் 7 அன்று ஒரே நாளில் அமெரிக்காவின் ஏழு ஃபெடரல் அரசு வழக்கறிஞர்களுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது: பதவி விலகுங்கள். ஏன் என்று நாடாளுமன்றம் கேட்டபோது புஷ் அரசின் ஆதரவாளர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன பதில் ஒன்றுதான். 1993இல் கிளிண்டன் எல்லோரையுமே மாற்றவில்லையா? அந்தப் பதில் எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்க்கத்தான் பழைய ஆவணங்களைத் தேடிப் போனேன்.

1993 மார்ச்சில் அட்டர்னி ஜெனரல் ஜேனட் ரீனோ எல்லோரிடமும் ராஜினாமா கேட்டது உண்மை. ஆனால் ரீகனின் முதல் இரண்டு ஆண்டுகளிலும் 93 இடங்களில் 89இல் ஆள் மாறியிருந்தது. கிளிண்டனுக்கும் அதே 89தான். வேகம் வேறு, வழக்கம் ஒன்றே. தலைநகரில் ஜனநாயகக் கட்சித் தலைவர் ராஸ்டென்கௌஸ்கியை விசாரித்துவந்த அரசு வழக்கறிஞர் ஜே ஸ்டீபன்ஸும் வெளியேறினார், சந்தேகமும் எழுந்தது. ஆனால் அவர் இடத்துக்கு வந்த எரிக் ஹோல்டரே 1994இல் ராஸ்டென்கௌஸ்கிமீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார்.

சரி, மாற்றும் அதிகாரம் எந்தத் தாளில் இருக்கிறது? 1789ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம், 35ஆம் பிரிவு: ஒவ்வொரு மாவட்டத்துக்கும் சட்டம் கற்ற தகுந்த ஒருவரை நியமிக்க வேண்டும். யார் நியமிப்பது, யார் நீக்குவது என்று ஒரு வரிகூட இல்லை. அந்த மசோதாவின் மூல வரைவை செனட் கோப்புகளிலிருந்து வெளியே கொண்டுவந்தவர் சார்லஸ் வாரன். 1923இல் அவர் அதைப் பற்றி எழுதினார். வரைவில் நியமன உரிமை மாவட்ட நீதிமன்றங்களுக்கு இருந்திருக்கிறது! செனட் அந்தச் சொற்களை எடுத்துவிட்டது, அந்த இடத்தில் வேறு எதையும் எழுதவில்லை.

ஆள் மாற்றுவதன் அரசியல் காரணத்தை வெளிப்படையாகச் சொன்ன கடிதம் அதிபர் ஜெஃபர்சனுடையது, 1801 மார்ச். நீதிபதிகள் எதிர்க்கட்சிக்காரர்கள், அசைக்க முடியாதவர்கள். ஆகவே வழக்கறிஞராவது நம் ஆளாக இருந்தால்தான் நம் மக்களுக்குப் பாதுகாப்பு என்பது அவர் வாதம். பின்னர் 1820இல் ஒரு சட்டம் பதவிக்காலத்தை நான்கு ஆண்டு என்று வகுத்தது.

அந்த நான்கு ஆண்டை உரசிப் பார்த்தவர் லூயிஸ் பார்சன்ஸ். இந்தத் தேடலில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது இவர் வழக்குதான். அலபாமாவின் வடக்கு, நடு மாவட்டங்களுக்கு 1890 பிப்ரவரியில் அதிபர் ஹாரிசன் அவரை நியமித்தார். ஆட்சி மாறியது. 1893 மே 26 தேதியிட்டு புதிய அதிபர் கிளீவ்லண்டின் நீக்கக் கடிதம் வந்தது. பார்சன்ஸ் நகர மறுத்தார்: எனக்கு நான்கு ஆண்டு உண்டு, அதற்குள் நீக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. மீதிக் காலத்துச் சம்பளம் கேட்டு வழக்கும் போட்டார்.

1897இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நீதிபதி பெக்கம் சட்ட வாசகத்தோடு நிற்காமல் வரலாற்றுக்குள் போனார். செனட் சம்மதமின்றி நீக்கக்கூடாது என்று 1867இல் நாடாளுமன்றம் அதிபரின் கையைக் கட்டியது. 1887இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. கட்டை அவிழ்த்தபின் பழைய அதிகாரம் திரும்பிவிட்டது, நான்கு ஆண்டு என்பது உச்ச வரம்பு, உத்தரவாதம் அல்ல என்றார். நியாயமான வாசிப்பு என்றே நினைக்கிறேன். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பார்சன்ஸை நீக்கியது ஆட்சி மாறிய கையோடு.

2006 அப்படியல்ல. ஏழு பேரும் புஷ்ஷே நியமித்தவர்கள். நாடாளுமன்ற ஆய்வுப் பிரிவு 1981 முதல் 2006 வரை தேடிப்பார்த்தது. ஆட்சி மாற்றம் அல்லாத காரணத்தால் நான்கு ஆண்டு முடியாமல் போனவர்கள் குறைந்தது 54 பேர். அதில் அதிபர் நீக்கியதாகத் தெரிந்தது 2 பேரைத்தான். 93ஐ எடுத்துக்காட்டி ஏழு பேரின் நீக்கத்தை நியாயப்படுத்த முடியாது என்பதற்கு இந்தப் பட்டியல் போதும்.

ஏன் என்று கேட்ட நாடாளுமன்றத்திடம் நீதித் துறை ஒப்படைத்த மின்னஞ்சல்களில் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை ஏறக்குறைய வெறுமை. நீக்கம் பற்றிய எந்தப் பேச்சிலும் தான் இல்லை என்றார் அட்டர்னி ஜெனரல் கோன்சாலஸ். சில நாளிலேயே, நீக்கம் பற்றிப் பேசிய நவம்பர் 27 கூட்டத்தில் அவர் இருந்ததைக் காட்டும் பதிவு வெளிவந்தது. ஆகஸ்டில் ராஜினாமாவை அறிவித்தார்.

இன்றைய சட்டத் தொகுப்பின் 541ஆம் பிரிவில் நான்கு ஆண்டும் இருக்கிறது, அதிபர் நீக்கலாம் என்ற வரியும் இருக்கிறது. காரணம் சொல்ல வேண்டும் என்ற வரி மட்டும் இன்னும் எழுதப்படவில்லை.