கரந்த கை

புறநானூற்றின் 43ஆம் பாட்டுக்கு அடியில் உள்ள குறிப்பு ஒரு சூதாட்டத் தகராறைச் சொல்கிறது. சோழன் நலங்கிள்ளியின் தம்பி மாவளத்தானும் தாமப்பல் கண்ணனார் என்ற புலவரும் வட்டாடுகிறார்கள். நடுவில் புலவர் வட்டைக் கைக்குள் மறைத்துவிடுகிறார். இளவரசன் கோபங்கொண்டு வட்டாலேயே அவரை எறிகிறான். அடிபட்டவர், நீ சோழன் மகன் அல்ல என்கிறார். எறிந்தவன் நாணி உட்கார்ந்திருக்கிறான். அதன் பிறகு வருகிறது பாட்டு: பிழை என்னுடையது, நீயோ நீ பிழை செய்ததுபோல நாணினாய், உன் வாழ்நாள் காவிரி மணலைவிடப் பெருகட்டும் என்று.

இதை அரசகுலத்தின் பொறைக்கோ புலவனின் துணிவுக்கோ சான்றாகப் படிப்பது வழக்கம். புறாவுக்காகத் தராசில் ஏறிய சிபியின் வழிவந்தவனே என்று பாட்டு தொடங்குவதால் அப்படிப் படிக்க இடமும் இருக்கிறது. ஆனால் ஒரு சூதாட்டத்தின் பதிவாக எடுத்துக்கொண்டால் வேறொன்று தெரிகிறது. வட்டாட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வி அங்கு எழவேயில்லை. பந்தயம் என்ன, ஜெயித்தது யார் என்பதும் இல்லை. பதிவாகியிருப்பவை மூன்று: மறைந்த கை, எழுந்த கோபம், வந்த நாணம். இரண்டு பேர் முகத்துக்கு முகம் உட்கார்ந்திருந்ததால் சாத்தியமானவை இம்மூன்றும்.

இன்று திருச்சிராப்பள்ளி மாநகருக்குள் ஒரு பகுதியாக அடங்கிவிட்ட உறையூர் இந்தச் சோழர்களின் தலைநகர். அதே நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டபோது உள்ளே கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு இருந்தவன் நெடுங்கிள்ளி, அவனும் சோழன். 43ஐ அடுத்து இரண்டே பாட்டுகள் தள்ளி, 45இல், கோவூர் கிழார் இருவரையும் பார்த்துச் சொல்வதன் சாரம் எளியது: இருவரும் ஜெயிப்பது நடக்கிற காரியமில்லை, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி. ஒருவனுடைய லாபம் மற்றவனுடைய நஷ்டத்திலிருந்து மட்டுமே வரமுடியும் என்ற ஆட்டத்தின் கணக்கு இது. இத்தகைய ஆட்டத்தைத் தமிழ் மரபு எந்தக் கண்ணோடு பார்த்தது என்பதற்கு இந்த இரண்டு பாட்டுகளும் சேர்ந்து ஒரு தொடக்கம்.

வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதில் ஒரு குறள் சூதாடியைக் கெடுப்பவையாக மூன்றைச் சொல்கிறது: கவறு, கழகம், கை. கவறு ஆடு கருவி, கழகம் ஆடுகிற இடம். கை என்பதற்குப் பரிமேலழகர் ஆட்டத்துக்கு வேண்டிய கைத்தொழில் என்று உரை சொல்கிறார். அதாவது திறமை. வள்ளுவருக்குச் சூதில் திறமை உண்டென்பது தெரியும். கெடுக்கிற மூன்றில் ஒன்றாகவே அதை அவர் வைத்தார். திறமை இருப்பவன் தப்பித்துக்கொள்வான் என்பது அவர் கணக்கில் இல்லை. (ஆடுகளத்தைக் குறித்த கழகம் என்ற சொல் பிற்காலத்தில் பல்கலைக்கும் அரசியல் கட்சிக்கும் பெயரானது சொற்களின் சரித்திரத்தில் ஒரு தனி விஷயம்.)

திறமை என்ற வாதமே புதிதல்ல. மகாபாரதத்தில் சூதில் நாடிழந்த நளன், ஒரு தான்றிமரத்தின் இலையையும் காயையும் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்லும் ருதுபர்ணனிடம் அந்த எண்வித்தையைக் கற்றுக்கொண்டு போய்த்தான் இழந்ததை மீட்கிறான். பழைய இந்தியச் சூதாடிகளுக்குக் கவறாக இருந்தது தான்றிக்காய்தான் என்பதை நினைத்தால் கதை விளங்கும். அதிர்ஷ்டம் என்று தோன்றுவதற்குள் கணக்கு இருக்கிறது என்ற பிரக்ஞை அது.

இந்தக் கணக்கு, ஆடுகிற இரண்டு பேரோடு முடிவதில்லை. மூன்றாவதாக, இடம் கொடுப்பவன் இருக்கிறான். அர்த்தசாஸ்திரம் அவனை அரசு அதிகாரியாக்கி, சூதை ஓரிடத்தில் மட்டும் நடத்தச் சொல்லி, வென்றவனிடம் நூற்றுக்கு 5 வாங்கிக்கொள்ளச் சொல்கிறது. கள்ளக் கவறுக்குத் தண்டனையும் அதிலேயே உண்டு. ஒழுக்கம் பேசாத இந்த நூல், ஆட்டத்தில் எப்போதும் தோற்காதவன் யார் என்பதை மட்டும் தெளிவாக அறிந்திருந்தது.

இன்னொரு கையையும் இங்கே நினைக்கவேண்டும். முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையை விவரிக்கின்றன. நிலம், வயது, கல்வி என்று தகுதி பார்த்த பிறகு, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்கிறார்கள். எடுத்த ஓலையை வாங்குகிறவன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்கவேண்டும் என்பது விதி. அதிர்ஷ்டத்தை அந்தச் சபை குற்றமாகக் கருதவில்லை. சூழ்ச்சிக்கு எதிரான காவலாகவே அதைப் பயன்படுத்தியது. அது கேட்டது ஒன்றுதான்: கை எல்லோர் கண்ணுக்கும் திறந்திருக்கவேண்டும்.

வெள்ளையர் சட்டம் வந்தபோது இந்தக் கேள்விகள் பின்னுக்குப் போய், ஒரே கேள்வி மிஞ்சியது. 1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டமும் 1930ஆம் ஆண்டின் சென்னைச் சூதாட்டச் சட்டமும் வெறும் திறமை ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தன. அந்த விலக்கைச் சுற்றியே அடுத்த நூற்றாண்டின் தர்க்கம் நடந்தது. 1957இல் சாமர்பாக்வாலா வழக்கில், திறமை மேலோங்கினால் அது திறமை ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1967இல் சத்தியநாராயணா வழக்கில் ரம்மி அந்த வரிசையில் சேர்ந்தது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும், எதைப் பிடிப்பது எதைப் போடுவது என்ற தேர்வும் மூணு சீட்டில் இல்லை என்பது காரணம். 1996இல் டாக்டர் கே. ஆர். லட்சுமணன் வழக்கில் குதிரைப் பந்தயமும் சேர்ந்தது. ஆட்டம் திறமை என்று முத்திரை பெற்றால் அதை நடத்துவது தொழில். தொழிலுக்கு அரசியல் சாசனத்தின் காப்பு உண்டு. அந்த 1967 தீர்ப்பிலேயே இன்னொரு வாக்கியம் இருந்தது: பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்தில் இடத்துக்காரன் லாபம் எடுப்பதற்குச் சாட்சியம் இருந்தால் குற்றம் நிலைநாட்டப்படலாம் என்று. கௌடில்யர் காலத்து மூன்றாமவன் அந்த வாக்கியத்தில் எட்டிப் பார்த்தான். பின்னால் வந்த வாதங்களில் அவன் பெரும்பாலும் மறக்கப்பட்டான்.

இந்த மூன்றாமவன் முழு உருவம் பெற்றது இணையவழி போக்கரில், குறிப்பாக அதன் தகுதிச் சுற்றுகளில். 2003இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக் கணக்கர் கிறிஸ் மணிமேக்கர் 86 டாலர் கட்டி இணையத்தில் ஒரு தகுதிச் சுற்று ஆடினார். அதிலிருந்து ஏறி, 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் உள்ள உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் மற்ற 838 பேரை வென்று 25 லட்சம் டாலர் பெற்றார். அடுத்த ஆண்டு அதே போட்டிக்கு 2,576 பேர் வந்தார்கள். 2006இல் 8,773 பேர். சிறு தொகை கட்டி மேலே ஏறலாம் என்ற ஏணி உலகம் முழுவதும் விற்பனைக்கு வந்தது.

ஏணியின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மேல் போட்டிக்குக் கட்டணம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதற்கான தகுதிச் சுற்றுக்கு 1,100. இதில் 1,000 பரிசுக்கு, 100 நடத்துபவருக்கு. அந்த 1,100க்கும் கீழே 110 ரூபாயில் ஒரு சுற்று; 100 பரிசுக்கு, 10 நடத்துபவருக்கு. அடியில் 1,100 பேர் நுழைந்தால் 100 பேர் நடுச் சுற்றுக்கும், அவர்களில் 10 பேர் மேல் போட்டிக்கும் போவார்கள். வசூல் 1,21,000; அதில் நடத்துபவரிடம் தங்கியது 21,000. ஆறில் ஒன்றுக்கும் சற்று அதிகம். கௌடில்யரின் நூற்றுக்கு 5ஐத் தாண்டி, பழைய அரசர்கள் விளைச்சலில் வாங்கிய ஆறில் ஒரு பங்கையும் தாண்டிவிட்டது. இவ்வளவும் முடிந்த பிறகு 1,090 பேர் வெறுங்கையோடு வெளியே. ஜெயித்த 10 பேர் கையிலும் காசு இல்லை. அவர்கள் பெற்றது இன்னொரு ஆட்டத்துக்கு அனுமதி.

தகுதிச் சுற்றில் திறமை இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. அதன் திறமை விசித்திரமானது. பத்து இடம் என்றால் முதலாவதாக வந்தவனுக்கும் பத்தாவதாகத் தப்பியவனுக்கும் ஒரே பரிசு. ஆகவே இன்னும் ஒருவன் விழுந்தால் போதும் என்ற கட்டத்தில், கையிருப்பு போதுமான அளவு உள்ளவன் இரண்டு ஏஸ் வந்தாலும் கவிழ்த்துவிட்டு விலகுவது சரியான ஆட்டமாக இருக்கக்கூடும். ஜெயிக்க முயலாமல், விழாமல் இருக்கக் கற்றுக்கொள்வதே அங்கு திறமை. அவ்வளவு சுயக்கட்டுப்பாட்டைக் கற்றுக்கொடுத்துவிட்டு, அதன் பரிசாக மேலும் பெரிய பந்தயத்தில் உட்காரவைக்கிறது இந்த அமைப்பு. வெற்றியே வந்தாலும் சூதை விரும்பாதே, அந்த வெற்றி மீன் விழுங்கிய தூண்டில் இரும்பு என்று வள்ளுவர் சொன்னதை நாம் உவமையாகப் படித்து வந்தோம். தகுதிச் சுற்றில் அது ஆட்டத்தின் விதியாகவே இருக்கிறது.

கைக்கு வருவோம். 2007இல் ஆப்சல்யூட் போக்கர் என்ற தளத்தில் நடந்த ஒரு போட்டியில், ஒரு கணக்கு எதிராளிகளின் மறைந்த சீட்டுகளைப் பார்ப்பதுபோல ஆடியது. தோற்ற ஒருவர் ஆட்ட விவரத்தைக் கேட்டபோது வந்த கோப்பில் எல்லோருடைய சீட்டும் இருந்தது. அதை அலசிய ஆட்டக்காரர்களே உண்மையைக் கண்டுபிடித்தார்கள். உள்ளாள் ஒருவருக்கு அந்தப் பார்வை இருந்ததை நிறுவனம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2019இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் பேஸ்புக்கும் சேர்ந்து உருவாக்கிய புளூரிபஸ் என்ற நிரல் ஆறு பேர் ஆடும் போக்கரில் தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. போக்கர் திறமை ஆட்டம் என்பதற்கு இதைவிட வலுவான நிரூபணம் வேண்டியதில்லை. திரைக்கு அந்தப் பக்கம் இருப்பது மனிதன்தானா என்ற சந்தேகத்துக்கும் அதுவே நிரூபணம். தாமப்பல் கண்ணனார் கையை மறைத்தார்; எதிரே இருந்தவன் பார்த்துவிட்டான். இங்கே மறைக்கிற கையே கிடையாது.

தமிழ்நாட்டில் இது சட்டத்தின் பிரச்சினையானது உயிர்கள் போனதால். 2020 ஜூலையில் மதுரைக் கிளை நீதிபதி பி. புகழேந்தி இணைய ரம்மியை ஒழுங்குபடுத்தச் சட்டம் வேண்டும் என்றார். நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து இயற்றிய சட்டத்தை 2021 ஆகஸ்ட் 3 அன்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு. அக்டோபரில் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, மீண்டும் நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதன் அட்டவணை ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்றது. 2023 நவம்பர் 9 தீர்ப்பு சட்டத்தை வைத்துக்கொண்டு, அவை இரண்டும் திறமை ஆட்டங்களே என்றது. பிறகு 2025 பிப்ரவரியில் வந்த விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டத்துக்கு நுழைவைத் தடுத்தன. ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் அவற்றை ஏற்றது. ஆகஸ்ட் 22 அன்று ஒப்புதல் பெற்ற மத்திய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ இரண்டுமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை முழுவதுமாகத் தடை செய்தது. அந்த மாதமே பெரிய தளங்கள் பண ஆட்டங்களை நிறுத்திக்கொண்டன. சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின.

நூற்றாண்டு காலத் தர்க்கம் இவ்வாறு ஒரே வாக்கியத்தில் ஓரங்கட்டப்பட்டது. கேள்வி தவறானது என்பதால் அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் சரியான கேள்வி கேட்கப்பட்டுவிட்டதாகவும் சொல்லமுடியாது. இந்த வரிசையில் 2025 பிப்ரவரி விதிகள்தான் பழைய விசாரத்துக்கு மிக அருகில் வந்தவை. அந்த விதிகள் ஆட்டத்தின் தன்மையை விட்டுவிட்டு, ஆடுகிறவன் தனியாக விழித்திருக்கும் நேரத்தைப் பார்த்தன.

ஏனென்றால் இறப்புகளுக்குப் பின்னால் கடன் மட்டும் இல்லை. மாவளத்தானின் நாணத்துக்கு ஒரு சாட்சி இருந்தது. யாரை எறிந்தானோ அவரே எதிரில் இருந்து, அந்த நாணத்தைப் பார்த்து, பிழையைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டு, அவன் நீண்ட நாள் வாழட்டும் என்றார். நாணம் அங்கே ஓர் உறவுக்குள் நிகழ்ந்து தீர்ந்தது. நள்ளிரவில் வீட்டார் தூங்கும்போது கைப்பேசியில் தோற்றவனுக்கும் நாணம் வருகிறது. அதைப் பார்த்துப் பிழை என்னுடையதும்தான் என்று சொல்ல எதிரில் ஒருவரும் இல்லை. நடத்துபவர் தம் பங்கை நுழைவாயிலிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார். தீர்க்க ஆளில்லாத நாணம் முழுவதும் ஒருவன் மேலேயே விழுகிறது. தடைச்சட்டம் ஏணியை எடுத்துவிடலாம். ஏறி விழுந்தவன் வீட்டில் வாய்திறந்து சொல்வதற்கு ஒரு முகத்தை அது கொடுக்காது. அந்த வேலை சட்டத்துக்கு வெளியே, சுற்றி இருப்பவர்களிடம் மிச்சமிருக்கிறது.