ஒத்தியா, வாடகையா, கிரயமா? மதுரையில் வீடு பிடித்த கதை

மதுரையில் வீட்டு வாசல்களில் தொங்கும் அட்டைகளைக் கவனித்திருக்கிறீர்களா? ‘வீடு வாடகைக்கு’ என்று ஒன்று. ‘பிளாட் விற்பனைக்கு’ என்று ஒன்று. இரண்டுக்கும் நடுவில், ‘வீடு ஒத்திக்கு’ என்று மூன்றாவதாக ஒன்று. சென்னைக்காரர்கள் இதையே லீஸ் என்றும் போக்கியம் என்றும் சொல்வார்கள்.

பழைய பிளாட் ஒன்றைக் கொஞ்சம் மலிவாக வாங்குவதா, அதே பிளாட்டில் வாடகைக்கு இருப்பதா என்று கேட்டால் எங்கள் காமர்ஸ் வகுப்பில் பாதிப் பேர் உடனே கால்குலேட்டரைத் தட்டுவார்கள். நானும் தட்டப் போகிறேன். ஆனால் அதற்கு முன் கொஞ்சம் வரலாறு. ஏனென்றால் வாடகை, ஒத்தி, கிரயம் மூன்றும் இந்த ஊரில் எப்படி வந்தன என்று தெரியாமல் போடுகிற கணக்கு பாதிக் கணக்குதான்.

மதிலை இடித்தவனுக்கு மனை

நாயக்கர் காலத்து மதுரை கோட்டைக்குள் இருந்த ஊர். கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று அடுக்கடுக்காக வீதிகள், அதற்கு வெளியே மதிலும் அகழியும். ஊர் பெருகியது, மதிலுக்குள் இடம் போதவில்லை. 1840-களை ஒட்டி கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியை மூட முடிவெடுத்தார். அதற்கு அவர் செய்த ஏற்பாடுதான் சுவாரஸ்யம். மதிலை இடித்து நிரவ முன்வருகிறவர்களுக்கு அந்த மண்ணிலேயே இடம் கிடைக்கும். இப்படித்தான் வெளி வீதிகள் உருவாயின. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்ற பெயர்களும் அந்த வேலையில் ஈடுபட்டவர்களின் பெயர்கள்தாம்.

அதாவது நவீன மதுரையின் முதல் ‘ரியல் எஸ்டேட்’ திட்டத்தில் விலை பணமாக இல்லை, உழைப்பாக இருந்தது. கையில் கிடைத்தது கட்டடம் அல்ல, மண். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரைக்கும் இது வரும்.

வளவும் குடக்கூலியும்

1875-ல் ரயில் வந்தது. 1892-ல் ஹார்வி சகோதரர்களின் மதுரை மில் ஓட ஆரம்பித்தது. சுற்றுப்பட்டி கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். மில் தொழிலாளர்களுக்கென்று திருப்பரங்குன்றம் பக்கம் ஹார்விபட்டி பின்னால் உருவானது. ஆனால் பெரும்பாலோருக்குக் கிடைத்தது ஊருக்குள் இருந்த வளவுகளும் லைன் வீடுகளும்தான். ஒரே வாசல், நடுவில் ஒரு குழாயடி, இரண்டு பக்கமும் ஒற்றை அறைக் குடித்தனங்கள், மாதாமாதம் குடக்கூலி.

இதோடு இன்னொரு வகையும் இருந்தது: அடிமனை வாடகை. மண் கோயிலுக்கோ பெரிய நிலக்காரருக்கோ சொந்தம், மேலே வீடு கட்டியது குடியிருப்பவர். இந்தச் சிக்கலுக்காகவே 1921-ல் மதராஸ் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கட்டடம் கட்டியவரைச் சும்மா காலி பண்ணச் சொல்ல முடியாது, சில நிபந்தனைகளோடு மண்ணை விலைக்குக் கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு என்றது. சென்னைக்கு வந்த சட்டம் பின்னால் மற்ற ஊர்களுக்கும் விரிந்தது. 1996-ல் சமய நிறுவனங்களின் நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று திருத்தினார்கள். கோயில் மண்ணில் தலைமுறை தலைமுறையாக வீடு வைத்திருந்தவர்களுக்கு அந்த ஒரு திருத்தம் எவ்வளவு பெரிய அடி என்று யோசித்துப் பாருங்கள்.

வாடகைக்குக் கடிவாளம்

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் நகரங்களில் வீட்டுப் பஞ்சம். அப்போது ஆரம்பித்த வாடகைக் கட்டுப்பாடு 1946, 1949 சட்டங்களாகி, கடைசியில் 1960-ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைத்தது. வீட்டுக்காரர் நினைத்தபோது காலி பண்ணச் சொல்ல முடியாது. ‘நியாய வாடகை’யை அதிகாரி நிர்ணயிப்பார். 1973 திருத்தத்துக்குப் பிறகு குடியிருப்பு என்றால் மொத்த மதிப்பில் வருஷத்துக்கு 9 சதவீதம், கடை என்றால் 12 சதவீதம். அட்வான்ஸ் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் இருந்தது. (பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம்!)

மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள வீடுகளுக்கு மட்டும் சட்டம் விலக்குக் கொடுத்திருந்தது. 1986-ல் ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கைச் செல்லாது என்றது.

குடியிருப்பவருக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் மறுபக்கமும் உண்டு. வாடகை ஏறாத வீட்டுக்கு எந்த வீட்டுக்காரர் ஓடு மாற்றுவார்? வாடகைக்கு விட்டால் திரும்பி வராது என்று பயந்து பூட்டியே வைத்தவர்களும் உண்டு. இன்னும் சிலர் வாடகையே வேண்டாம், மொத்தமாகப் பணம் கொடுங்கள் என்றார்கள். அப்படி ஒத்தி இன்னும் செழித்தது.

ஒத்தி: பழைய சரக்கு

ஒத்தி யாரோ நேற்று கண்டுபிடித்தது இல்லை. ‘ஒற்றி’ என்ற சொல் பழைய கல்வெட்டுகளிலேயே அடமானம் என்ற பொருளில் வருகிறது. மலபாரில் நில உரிமை வகைகளில் ஒன்றுக்கே ஒற்றி என்று பெயர். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவிலும் இதற்கு இடம் உண்டு. நம் பத்திரங்களில் இதை சுவாதீன அடமானம் என்பார்கள். கடன் கொடுத்தவர் சொத்தை அனுபவித்துக்கொள்வார், அந்த அனுபவம்தான் வட்டி.

இப்போது கணக்கு. எல்லாமே உதாரணத் தொகைகள்தான். மாதம் 8,000 ரூபாய் வாடகை போகிற ஒரு பழைய பிளாட், அதே பிளாட் ஒத்திக்கு 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 6 லட்சத்தை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் வருஷம் 42,000, மாதம் 3,500. ஆக ஒத்தியில் இருப்பவருக்கு வீட்டுச் செலவு உண்மையில் 3,500 ரூபாய்தான். வாடகையை விட 4,500 லாபம்!

வீட்டுக்காரர் பக்கம் பாருங்கள். அவர் வருஷம் 96,000 ரூபாய் வாடகையை விட்டுக்கொடுத்து 6 லட்சம் வாங்குகிறார். அதாவது 16 சதவீத வட்டிக்குக் கடன். வங்கியில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கும்போது ஒருவர் ஏன் 16 சதவீதம் கொடுக்கிறார்? மகள் கல்யாணம், வைத்தியம் என்று அவசரமாக இருக்கலாம். வங்கி இனி கொடுக்காது என்பதாகவும் இருக்கலாம். சில சமயம் அந்த வீடே ஏற்கனவே வங்கியில் அடமானமாக இருக்கலாம். அந்த 4,500 ரூபாய் லாபம் சும்மா வருவதில்லை, நாம் சுமக்கிற அபாயத்துக்கு விலை அது.

நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இந்த வகை அடமானம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்கிறது அதே 1882 சட்டம். நடைமுறையிலோ, பதிவுச் செலவுக்குப் பயந்து வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொள்கிறவர்கள் ஏராளம். 2002-ல் சர்பேசி சட்டம் வந்த பிறகு, கடன் கட்டாத வீட்டை வங்கி கோர்ட்டில் வழக்குப் போட்டுக் காத்திருக்காமலே கைப்பற்ற வழி வந்துவிட்டது. நோட்டீஸ் ஒட்டும் அன்று ஸ்டாம்ப் பேப்பர் வைத்திருப்பவரின் கதி என்ன? பலருக்கு அது வாழ்நாள் சேமிப்பு.

இது நம் ஊர் மட்டும் இல்லை. தென்கொரியாவில் ‘ஜொன்சே’ என்று ஏறக்குறைய இதே முறை இருக்கிறது. 2022, 2023-ல் அங்கே வீட்டு விலை சரிந்தபோது பல வீட்டுக்காரர்களால் பணத்தைத் திருப்பித் தர முடியவில்லை. மோசடிகளும் வெளியே வந்தன. பணத்தை இழந்த இளைஞர்கள் சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். 2023-ல் பாதிக்கப்பட்டவர்களுக்காகத் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது.

ஹவுசிங் போர்டும் பிளாட்டும்

1961-ல் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் வந்தது. மதுரையில் எல்லீஸ் நகர், அண்ணா நகர் என்று ஹவுசிங் போர்டு குடியிருப்புகள் எழுந்தன. தவணை முறையில் வீடு. பி.காம். பாடத்தில் ‘வாடகைக் கொள்முதல்’ படித்தவர்களுக்குப் புரியும்: கடைசித் தவணை கட்டும்வரை சொத்து விற்றவருடையது. இன்றைக்குப் பழைய போர்டு வீடு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியதும் அதுதான்: முதல் ஒதுக்கீட்டுதாரருக்கு வாரியம் கிரயப் பத்திரம் கொடுத்ததா, இல்லை வெறும் பவர் பத்திரத்திலேயே வீடு கைமாறி வந்திருக்கிறதா?

1977-ல் ஹெச்.டி.எஃப்.சி., 1988-ல் தேசிய வீட்டு வசதி வங்கி. வீட்டுக் கடன் என்பது நடுத்தரக் குடும்பத்தின் அகராதியில் நுழைந்தது. 1990-களில் 15 சதவீதத்தைத் தாண்டிய வட்டி, 2003-04-ல் 8 சதவீதம் அளவுக்கு இறங்கியது. நகரில் அப்பார்ட்மெண்ட்கள் பெருகின. 1994-ல் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும் வந்தது. பிளாட்டோடு ‘பிரிக்கப்படாத பாகம்’ என்று மண்ணில் ஒரு பங்கும் எழுதிக் கொடுப்பது வழக்கமானது. அடிமனைப் பிரச்சினைக்குக் கிடைத்த பதில் அதுதான் என்பது என் எண்ணம்.

ஊரைச் சுற்றியும் மண் மாறியது. 1895-ல் பெரியாறு அணைத் தண்ணீர் வந்து நஞ்சையான சமவெளி, நூறு வருஷத்தில் மனைகளாகிவிட்டது. கண்மாய்களையும் விடவில்லை. 2004-ல் திறந்த உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில்தான் இருக்கிறது. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மலிவான பிளாட் ஏன் மலிவு என்று விசாரிக்கும்போது இதையும் கேட்க வேண்டும்.

வாங்கினால் என்ன ஆகும்?

அதே பிளாட் 24 லட்சம் என்று வைப்போம். பழைய பிளாட்டின் மறுவிற்பனைக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 2,16,000. (2023 டிசம்பரில் கொடுத்த தீர்வைச் சலுகை புது பிளாட்டின் முதல் விற்பனைக்குத்தான்.) கைப்பணம் 8 லட்சம், கடன் 16 லட்சம், வட்டி 8.5 சதவீதம், 20 வருஷம். இ.எம்.ஐ. சுமார் 13,900.

முதல் வருஷத்தில் மாதச் செலவு:

- கடன் வட்டி: சுமார் 11,300
- கைப்பணமும் பதிவுச் செலவும் வங்கியில் இருந்தால் வந்திருக்கும் வட்டி: சுமார் 5,900
- பராமரிப்பு: 1,500
- மொத்தம்: 18,700

வாடகை 8,000 தான். வித்தியாசம் மாதம் 10,700, வருஷம் சுமார் 1,28,000.

இது எங்கிருந்து திரும்பி வரும்? விலை ஏற்றத்திலிருந்து மட்டும்தான். இங்கேதான் மண் வருகிறது. 24 லட்சத்தில் பாதி மண்ணுக்கு, பாதி கட்டடத்துக்கு என்று கொள்வோம். கட்டடத்துக்கு இன்னும் 30 வருஷ ஆயுள் என்றால் தேய்மானம் வருஷம் 40,000. ஆக அந்த 12 லட்ச ரூபாய் மண், முதல் வருஷம் 1,68,000 ஏறினால்தான் சமன். அதாவது 14 சதவீதம். பிரிக்கப்படாத பாகம் குறைவாக உள்ள பிளாட் என்றால் இன்னும் மோசம்.

சரி, வாடகைதான் ஜெயித்ததா? அவசரப்படாதீர்கள். இ.எம்.ஐ. பெரிதாக நகராது. வாடகை வருஷம் 5 சதவீதம் ஏறினால் 14, 15 வருஷத்தில் 16,000 ஆகிவிடும். கடன் வட்டியும் வருஷா வருஷம் குறையும். ஐந்து வருஷம் இருந்துவிட்டு மாறப் போகிறவருக்கு வாடகை, இருபது வருஷம் அதே தெருவில் இருக்கப் போகிறவருக்கு, மண் பங்கு சரியாக இருந்தால், கிரயம். என் கணக்கு இவ்வளவுதான் சொல்கிறது.

இரண்டு சட்ட மாற்றங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1960 சட்டம் போய் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம், வாடகை அதிகாரியிடம் பதிவு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ். ‘நியாய வாடகை’யும், காலம் முழுக்க இருந்துவிடலாம் என்ற தைரியமும் போயின. அடுத்து, 1994 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022 அடுக்குமாடிச் சட்டம் 2024 மார்ச்சில் அமலானது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். அப்போது கட்டடம் போய்விடும். நம் கையில் மிஞ்சுவது பத்திரத்தில் எழுதியிருக்கிற மண் பங்குதான்.

அதனால் பழைய பிளாட் பார்க்கப் போகிறவர்கள் டைல்ஸையும் பெயிண்டையும் பார்ப்பதற்கு முன் பத்திரத்தில் எத்தனை சதுர அடி மண் என்று பாருங்கள். 30 வருஷ வில்லங்கம் போட்டுப் பாருங்கள். ஒத்திக்குப் போகிறவர்களும் வில்லங்கம் பாருங்கள், செலவானாலும் பதிவு செய்யுங்கள். மாதம் 4,500 மிச்சம் பிடிக்கப் போய் 6 லட்சத்தை விட்டுவிடாதீர்கள்.

பிளாக்பர்ன் காலத்தில் மதிலை இடித்தவன் மண்ணைக் கேட்டு வாங்கினான். நாமும் அதையே கேட்போம்.