ஓட்டையை அடைச்சா தலைவலி போகுமா?

கருவில் எல்லோர் இதயத்திலும் மேலறைகளுக்கு நடுவே ஒரு திறப்பு இருக்கும். நாலில் ஒருத்தருக்கு அது பிறந்த பிறகும் முழுசா மூடாது.

2000-ல் பிரிட்டிஷ் இதய டாக்டர் பீட்டர் வில்ம்ஷர்ஸ்ட், டைவர்கள் சிலருக்கு அதை அடைத்தபோது மைக்ரேனும் குறைந்ததாக எழுதினார். 2004-ல் நெதர்லாந்து எம்ஆர்ஐ ஆய்வில், மைக்ரேன் உள்ள பெண்களின் மூளை வெண்பொருளில் புள்ளிகள் அதிகம் தெரிந்தன. கதை பொருந்திடுச்சு: நுரையீரல் வடிகட்ட வேண்டியது ஓட்டை வழியா மூளைக்குப் போகுது!

ஆனா 2008-ல் வெளியான மிஸ்ட் ஆய்வில் 147 பேர். பாதிப் பேருக்குத்தான் நிஜமா அடைச்சாங்க. தலைவலி முழுசா நின்னது ரெண்டு பக்கமும் மூணு மூணு பேருக்கு. 2012-ல் அதே நெதர்லாந்துக் குழு, புள்ளிகள் கூடினாலும் யோசிக்கும் திறன் குறையலன்னு சொன்னது.

காஞ்சிபுரத்துல ஸ்கேன் எடுத்து ரிப்போர்ட்டோட திருப்புட்குழி திரும்புறவங்க, புள்ளியைப் பார்த்ததும் ஓட்டையை அடைக்க ஓட வேண்டாம். முதல்ல நரம்பியல் டாக்டரைக் கேளுங்க.