கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை

ஐரோப்பாவில் குளிர் வந்ததும் இலையுதிர்த்து உறங்கி, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் காய்க்கும் கொடி திராட்சை. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் அதே கொடி இரண்டு ஆண்டில் ஐந்து மகசூல்வரை கொடுக்கிறது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் ஜனவரியிலும் குலை தொங்கும், ஜூலையிலும் தொங்கும்.

மதுரைச் சீமைக்குத் திராட்சையைக் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுப் பாதிரியார்கள். ஆண்டு 1832 என்பது வழிவழியாக வரும் கணக்கு. அன்று வந்த கொடியே இன்றைய பன்னீர்த் திராட்சை என்று பலர் எழுதுகிறார்கள், அது பொருந்தவில்லை. பன்னீர் என்று இங்கே பெயர் பெற்ற மஸ்கட் ஹாம்பர்க் ரகம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் இங்கிலாந்தில் உருவானது. அது பின்னால் வந்து சேர்ந்ததாகவே இருக்க வேண்டும். கொடிக்கு வேண்டிய நீருக்கு வழி செய்தது அணை. 1895இல் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணை, மேற்கே ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்பியது. வயலுக்குப் பாய்ந்த அந்த நீர் பள்ளத்தாக்கின் கிணறுகளிலும் ஊறியது.

தோட்டத்தில் பெருஞ்செலவு பந்தலுக்குத்தான். கல்தூண் ஊன்றி, ஆள் உயரத்துக்கு மேலே கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுவார்கள். கொடி ஏறிப் படர்ந்தபின் வீட்டாரின் நாட்காட்டியே கவாத்துதான். முற்றிய கிளையில் நாலைந்து கண் விட்டு வெட்டுவார்கள், மெலிந்ததில் ஒன்றிரண்டு. வெட்டி முடித்த அன்று பந்தலில் குச்சியும் கம்பியும் மட்டும் மிஞ்சும். நிழல் கிடந்த தரையில் வெயில் முழுசாக விழும். பிறகு கண் உடைந்து தளிர் வரும், தளிரோடு பூங்கொத்தும் வரும். கவாத்திலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுப்பு. இங்கே கொடியை உறங்க வைக்கும் குளிர் இல்லை. கத்தரி பட்டால் அது துளிர்க்கும். ஒவ்வொரு தோட்டத்திலும் வெவ்வேறு மாதத்தில் வெட்டுவதால்தான் பள்ளத்தாக்கில் எப்போதும் எங்கோ பழம் இருக்கிறது.

அந்தச் சுழற்சியை நிலைகுலைப்பது ஐப்பசி, கார்த்திகை மழை. பூக்கும்போது பெய்தால் பூ உதிரும், பழுக்கும்போது பெய்தால் பழம் வெடிக்கும். ஈர இலையின் அடிப்பக்கம் வெண்பூஞ்சை படரும். அடிச்சாம்பல் நோய் என்பது அதுதான். அதற்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைத் தெளிப்பார்கள். 1880களில் பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களில் பிறந்த மருந்து அது. கொடியின் பின்னாலேயே அதன் வைத்தியமும் கடல் கடந்து வந்திருக்கிறது.

அறுப்பவர்கள் குலையின் காம்பைப் பிடித்தே வெட்டுகிறார்கள். பழத்தில் கை பட்டால் மேலே படிந்திருக்கும் வெண்மாவு அழிந்து, பழையதுபோலத் தெரியும். பறித்த பழம் அதிக நாள் தாங்காது. ஆகவே அறுத்த கையோடு பெட்டியில் அடுக்குகிறார்கள்; அதில் பெரும்பங்கு குமுளி மலைப்பாதை ஏறிக் கேரளச் சந்தைக்குப் போகிறது. 2023இல் கம்பம் பன்னீர்த் திராட்சை புவிசார் குறியீடு பெற்றது.